டின் தக்காளியும் வடித்த வெங்காயமும்

எனக்கு என்ன வந்தது, எப்படி வந்தது, எப்படிப் போனது என்று இதுவரை நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். கேட்கிறவர்கள் பாதியிலேயே என்னை நிறுத்திவிட்டுத் தங்கள் சித்தப்பாவுக்கு வந்த கிட்னி கோளாறைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தச் சித்தப்பாக்களில் பெரும்பாலோர் கதையின் முடிவில் உயிரோடு இல்லை. ஆகவே எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும் இந்தத் தாள்களை நீட்டிவிடுவேன். தாளுக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த நோயை நானேதான் தேடிப் போய் வாங்கினேன். முழங்கால் வலிக்கு மருந்துக்கடைக்காரரே டாக்டராகி ஒரு மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று வீதம் ஒரு மாதம் முழுங்கினேன். வலி போயிற்று. வங்காளத்தில், லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன். அப்புறம் ஏப்ரல் வெயிலில், அலுவலகத் தோழி ஒருத்தியின் பிரிவு உபசாரத்தன்று, தெருமுனையில் நின்று புச்கா, அதாவது பானிபூரி, தின்றேன். எத்தனை என்று சொல்லமாட்டேன். மூன்று நாள் வயிறு போனது. அந்த வாரம் பார்த்து டெல்லியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன். வழியில் பாத்ரூம் தேட வேண்டியிருக்குமே என்று பயந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனேன். கூடவே முழங்கால் மாத்திரையையும் விடவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு புத்தி போதும்.

நான்காம் நாள் பாதம் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. சிறுநீர் ஒரு டம்ளர்கூட வரவில்லை. தெரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அன்று மாலையே அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. டாக்டர் நமக்குப் போன் செய்கிறார் என்றால் அது நல்லதற்கில்லை.

கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்றார். அது உடம்பின் ஒரு கழிவு. கிட்னி சரியாக இருந்தால் சிறுநீரில் போய்விடும். கிட்னி சுணங்கினால் ரத்தத்திலேயே தேங்கும். ஜூலை மாதத்தில் நம் தெருவில் சாக்கடை அடைத்தால் தண்ணீர் முழங்கால்வரை நிற்குமே, அதுதான். அதைவிடப் பெரிய வம்பு பொட்டாசியம். அது ஒரு தாது உப்பு. பழம், காய், கிழங்கு எல்லாவற்றிலும் உண்டு. உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் மிஞ்சியதை வெளியே தள்ள கிட்னி வேண்டும். தள்ளாவிட்டால் இதயம் தடுமாறும். என் பொட்டாசியம் ஆறைத் தாண்டியிருந்தது. ஈ.சி.ஜி.யில் கோடுகள் எங்கள் திருநெல்வேலிக் கோபுரங்கள் மாதிரி கூம்பிக் கூம்பி நின்றன. எனக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. டாக்டர் முகம்தான் அழகாக இல்லை.

சனிக்கிழமை நர்ஸிங் ஹோமில் சேர்த்தார்கள். இரண்டு கட்டில் அறை. அடுத்த கட்டில் காலி. கிட்னி டாக்டர் அதிகம் பேசாதவர். என் கணவர் சங்கரலிங்கத்தின் பெயரில் முன்பாதியை வெட்டிவிட்டு, காந்தி என்கிற என்னை மிஸஸ் லிங்கம் என்றே அழைத்தார்.

“மிஸஸ் லிங்கம், மாத்திரையாலும் நீர் வற்றியதாலும் கிட்னி சோர்ந்துபோயிருக்கிறது. பெரும்பாலும் தானே எழுந்துகொள்ளும். அதுவரை பொட்டாசியம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைவரை பார்ப்போம். இறங்காவிட்டால் கழுத்தில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ்.”

டயாலிசிஸ் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவது. நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் என் பெரியப்பா மகன் மெஷினில் ஏறியவன் இறங்கவேயில்லை. எனக்கு மெஷின் என்றால் அவன் முகம்தான். பயந்தேன். பயமில்லாத மாதிரி நடித்து, “சரி டாக்டர்” என்றேன். அவர் போனதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன். வெள்ளிக்கிழமை என்ற நாளே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

வைத்தியம் இப்படி நடந்தது. கையில் டிரிப். தினமும் காலையில் ரத்தம். பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ள ஒரு பொடி. கடற்கரை மணலைச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்த மாதிரி இருக்கும். சிறுநீரை ஒரு அளவுக் குவளையில் பிடித்து அட்டையில் எழுத வேண்டும். என் கணவர் துறைமுக அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு. கட்டம் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். அந்தக் குவளையை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண் மட்டத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பத்து மில்லி கூடினால் மகளுக்குப் போன் போகும். “ஏ வள்ளி, அம்மைக்கு இன்னிக்கு எம்பது!” வராந்தாவில் போகிறவர்கள் நான் ஏதோ பரீட்சையில் வாங்கிய மார்க் என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டயட்டீஷியன் வந்தாள். மிஸ் சென், மூக்குக் கண்ணாடி, சின்னப் பெண். டைப் அடித்த ஒரு தாள் கொடுத்தாள். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, கீரை, பழச்சாறு, தக்காளி கூடாது. உப்பு மிகக் குறைவு. சோறு, பீர்க்கங்காய், சுரைக்காய், வேகவைத்து நீர் வடித்த வெங்காயம் ஆகலாம். குழம்பு கெட்டியாக வேண்டுமானால் அந்த வெங்காயத்தை மசித்துச் சேர்க்கலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம், ஆனால் இந்தத் தாளின்படி.

வீட்டில் யார் சமைப்பது? என் கணவருக்கு ரசம் வைக்கத் தெரியும், அதுவும் பொங்கி அடுப்பை அணைக்கும். வள்ளிக்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை. அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு பௌதி வந்தாள்.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. பெயர் ஷிப்ரா. பதினோரு வருஷமாக எங்கள் எதிர்வீடு. கிதிர்பூரில், கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் போடும் கம்பெனியில் அவள் கணவர், எங்களுக்குத் தாதா, அதாவது அண்ணன், வேலை பார்த்தார். டப்பா நசுங்கியதால் கப்பல்காரன் வேண்டாம் என்று தள்ளிய டின்கள் அவர் வழியாகப் பௌதி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்து சேரும். பெரும்பாலும் தக்காளி. தோல், விதை நீக்கி, வேகவைத்துக் காய்ச்சி, கெட்டி விழுதாக அடைத்த வெளிநாட்டுத் தக்காளி. பௌதிக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. கல்யாணமாகி வந்த மருமகளைப்போல அந்த டின்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவாள்.

“நான் இருக்கறப்ப ஆஸ்பத்திரிச் சாப்பாடா? என் பிணத்து மேலதான்!” என்று அவள் சொன்னதாக வள்ளி வந்து சொன்னாள். (பௌதி பேசியதெல்லாம் வங்காளத்தில்தான், தமிழில் எழுதுவது நான்.) திங்கட்கிழமை மத்தியானம் மூன்று அடுக்குக் கேரியர் வந்தது. சோறு, பீர்க்கங்காய்ப் பொரியல், மூன்றாவது அடுக்கில் சிவந்த, கெட்டியான, மணக்கும் சுரைக்காய்க் குழம்பு.

இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்த நாக்கு அது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, தக்காளி. ஆனாலும் இன்னொரு வாய் வைத்தேன். நிச்சயப்படுத்திக்கொள்ள மூன்றாவது. கேரியர் காலியான பிறகுதான் கேட்டேன்.

“என்னங்க, இதுல தக்காளி இருக்கே?”

“நானும் கேட்டேன்லா,” என்றார் என் கணவர். “பௌதி என்ன சொல்லுதா தெரியுமா? டாக்டர் சொன்னது பஜார் தக்காளியாம். தோலு, விதை, புளிப்பு எல்லாம் உள்ளது. டின்னு தக்காளி வேற சாதியாம். வெள்ளைக்காரக் கேப்டனுவ சாப்பிடுதது.”

“மிஸ் சென் வெங்காயம்ல போடச் சொன்னா?”

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவங்க வீட்ல போய் வெங்காயம் போடுன்னு எப்படிட்டி சொல்ல?”

அதுவும் நியாயம்தான். இதை விளக்க வேண்டும். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம், பொங்கலுக்குச் சின்ன வெங்காயம் போட்ட உளுந்தவடை சுட்டுப் பௌதி வீட்டுக்குக் கொடுத்தேன். அப்போது அவள் மாமியார் இருந்தார். கணவரை இழந்தவர், வெள்ளைப் புடவை. ஒரு வடையைப் பிட்டுப் பார்த்து, “பெயாஜ்!” என்று தட்டைத் தள்ளி வைத்தார். பெயாஜ் என்றால் வெங்காயம். அன்றே தீர்மானித்துவிட்டோம், இந்த வீட்டில் வெங்காயம் புழங்காது என்று. மீன் வாசனை வந்தது, அது அவர்கள் வழக்கம், வெங்காயம்தான் ஆகாதுபோல. மாமியார் இரண்டு வருஷத்தில் காலமானார். எங்கள் தீர்மானம் காலமாகவில்லை. பௌதி வீட்டுக்குக் கொடுக்கிற சாம்பாரில் வெங்காயம் போடமாட்டேன். அந்தக் குறை தெரியாமலிருக்கப் புளியைக் கூட்டுவேன். எங்களுக்கு வெங்காயம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. திருநெல்வேலிச் சைவம், மீன், கறிதான் கிடையாதே தவிர வெங்காயத்தில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆகவே முன்கதவைச் சாத்திக்கொண்டு, பின்கட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு வதக்குவேன். லேக் மார்க்கெட்டிலிருந்து சின்ன வெங்காயம் வாங்கி வரும்போது மேலே கீரைக்கட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பதினோரு வருஷம் கீரையில் வெங்காயத்தை மறைத்தவள் நான்.

பௌதி எங்களுக்குக் கொடுப்பதிலும் ஒருநாளும் வெங்காயம் இருந்ததில்லை. தலையாட்டிச் சாப்பிட்டுவிட்டு, “ரொம்ப நல்லா இருந்தது, பௌதி” என்போம்.

செவ்வாய்க்கிழமை என் கணவர் ஒரு காகிதத்தோடு வந்தார். விஞ்ஞானப்படி பார்த்துவிடலாம் என்று, பௌதியிடமிருந்து ஒரு டின் லேபிளை உரித்து வாங்கி, வள்ளியின் பாடப்புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்திருந்தார். இடப்பக்கம் டின் தக்காளி, வலப்பக்கம் சமைத்த வெங்காயம். வைட்டமின் ஏ: தக்காளி. வைட்டமின் சி: தக்காளி, வெங்காயத்தில் இருந்த கொஞ்சமும் வேகும்போது போய்விடுகிறது. இரும்புச்சத்து: தக்காளி. புரதம்: இரண்டிலும் சொல்லும்படி இல்லை, இருந்தாலும் தக்காளி. சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஒரு சத்து, உடம்புக்கு மிக நல்லதாம்: தக்காளி; வெங்காயத்தின் கட்டத்தில் ஒரு கோடு. சர்க்கரைச் சத்தில் மட்டும் வெங்காயம் கொஞ்சம் தலைதூக்கியிருந்தது. கீழே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு முடிவு: டின் தக்காளி ஐந்து, வெங்காயம் ஒன்று.

“பொட்டாசியம்?” என்று கேட்டேன்.

“லேபிள்ல பொட்டாசியம்னு ஒரு வார்த்த கிடையாது. ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

லேபிளில் இல்லாதது டின்னிலும் இல்லை என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். ஒருவர் பட்டதாரி, ஒருத்தி அப்பர் டிவிஷன் கிளார்க். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஆனால் குழம்பு அவ்வளவு ருசி. அதோடு, வேளாவேளைக்கு வெயிலில் கேரியர் கொடுத்தனுப்புகிறவளிடம் ‘இதில் குற்றம், அதில் குற்றம்’ என்று சொல்ல வாய் வருமா? வாயை மூடிக்கொண்டு, அதாவது திறந்துகொண்டு, சாப்பிட்டேன்.

புதன்கிழமை ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் சார்ட்டைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். மணல் பொடியை இரட்டிப்பாக்கினார். “சிறுநீர் கூடுகிறது. பொட்டாசியம் ஏன் ஏறுகிறது என்றுதான் தெரியவில்லை,” என்றார். பிறகு சிஸ்டரிடம் நாளைக் காலை பத்து மணிக்குக் குழாய் என்று சொல்லி, கையெழுத்துப் போட ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் கணவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். வள்ளியின் பிறப்புச் சான்றிதழ் பீரோவின் இரண்டாம் தட்டில். கேஸ் புக் அரிசி டப்பாவுக்குப் பின்னால். என் அம்மாவின் வளையல் வள்ளிக்கு. யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. இட்லி மாவுக்கு உளுந்து நாலுக்கு ஒன்று.

“சும்மா இருட்டி,” என்றார். நான் உளுந்துக் கணக்கை இரண்டாம் முறை சொன்னபோது எழுந்து ஜன்னல் பக்கம் போய், காலிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வள்ளி பள்ளிச் சீருடையோடு என் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வங்காளத்தில் சண்டை போடுவாள், ஆங்கிலத்தில் பாடம் படிப்பாள். அன்று, “அம்மா, போயிராத,” என்று தமிழில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பௌதி கேரியரோடு தானே நேரில் வந்தாள். நாளைக்குக் குழாய் என்று கேள்விப்பட்டு, இன்று தன் கையால் ஊட்டிவிட வேண்டும் என்று வந்திருக்கிறாள். மூன்றாவது அடுக்கைத் திறந்து, சோற்றில் ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை என் வாயருகே கொண்டுவந்தாள். சார்ட்டில் எழுத வந்த மிஸ் சென் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஒரு நிமிஷம். அது என்ன சிவப்பாக?”

“சுரைக்காய்,” என்றாள் பௌதி.

“சுரைக்காய் சிவப்பாக இருக்காது.” மிஸ் சென் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். “இது தக்காளி! திங்கட்கிழமையிலிருந்து இதுதானா? எவ்வளவு போடுகிறீர்கள்?”

“ஒரு வேளைக்குப் பாதி டின். என்ன இப்போ? அது பஜார் தக்காளி இல்லை, டின் தக்காளி. சத்து உள்ளது.”

“அதுதான் பிரச்சினை!” மிஸ் சென் கட்டிலில் உட்கார்ந்தே விட்டாள். “ஒரு டின் விழுது என்பது எத்தனையோ தக்காளியைக் காய்ச்சிக் குறுக்கியது. தண்ணீர்தான் போகும், பொட்டாசியம் அப்படியே தங்கும். போதாததற்கு டின்னில் உப்பு வேறு. நல்ல உடம்புக்கு நல்ல பொருள்தான். இவங்களுக்கு விஷம். நான் வெங்காயம்தானே எழுதினேன்? வெங்காயத்தில் அது குறைவு. நறுக்கி வேகவைத்து நீரை வடித்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். சத்தில்லாத பொருள்தான் இப்போது இவங்களுக்குச் சத்து. வெங்காயத்தை ஏன் போடவில்லை?”

என் கணவர் சட்டைப் பையிலிருந்த அட்டவணையைக் கையால் மெல்ல மூடிக்கொண்டார்.

பௌதிக்குக் கோபம் வந்துவிட்டது. “வெங்காயமா? இவங்க சைவக்காரங்கம்மா! நான் ஒரு பிராமணப் பொண்ணு, நிராமிஷ் வீட்டுக்கு வெங்காயம் குடுத்துப் பாவத்த வாங்கிக்குவேனா? பதினோரு வருஷமா இவங்களுக்குன்னு தனிச் சட்டி வச்சிருக்கேன். எங்க வெங்காயச் சட்டி பக்கத்துலகூட அத வைக்கமாட்டேன்!”

வங்காளிகளுக்கு நிராமிஷ் சமையல் என்றால் மீன், கறியோடு வெங்காயம், பூண்டும் விலக்கு. அது எனக்கும் தெரியும். அதைப் பௌதி எங்களுக்காகக் கடைப்பிடிக்கிறாள் என்பதுதான் தெரியாது. எனக்கு அவள் சொன்னதில் வேறொன்று காதில் விழுந்தது.

“பௌதி... உங்க வீட்ல வெங்காயச் சட்டி இருக்கா?”

“ஏன் இருக்காது? தினம் ஒரு கிலோ வெங்காயம் எங்க வீட்ல. உங்க தாதாவுக்குச் சாயங்காலம் பொரியோட பச்சை வெங்காயம் இல்லாட்டி பேச்சே வராது. நீங்க அருவருப்பு படுவீங்கன்னு கதவ சாத்திட்டு நறுக்குவேன்.”

“நாங்களும் கதவச் சாத்திட்டுத்தான் நறுக்குதோம், பௌதி!” நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், கையில் டிரிப்போடு. “எங்க வீட்ல சின்ன வெங்காயம் இல்லாம சாம்பாரே கிடையாது! உங்க மாமியார் அன்னிக்கு வடைய ஒதுக்கினாங்கல்லா, அதுலேருந்து உங்களுக்குன்னு வெங்காயமில்லாமத் தனியா வைக்கேன்!”

“மாமியார் விதவை, அவங்களுக்கு மட்டும்தான் வெங்காயம் விலக்கு,” என்றாள் பௌதி. முதலில் சிரித்தது வள்ளிதான். அப்புறம் மிஸ் சென், வேலை நேரம் என்பதையும் மறந்து. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். பௌதி சிரிக்கவில்லை. அவள் தன் கையிலிருந்த சிவப்புக் கவளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நாளைக்குக் குழாய் என்னாலயா?” என்றாள். “நானா, காந்தி? என் கையாலயா?”

யாரும் பதில் சொல்லுமுன், கவளத்தைக் கேரியர் மூடியில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டாள்.

மிஸ் சென் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் அரைமணி நேரத்தில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் ஒரு சிறு அசைவை முதன்முறையாகக் கண்டேன். “மிஸ்டர் லிங்கம், கையெழுத்து அழகாக இருக்கிறது,” என்றார். பிறகு என்னிடம், “காரணம் தெரியாமல் ஏறினால் பயம். தெரிந்துவிட்டால் காத்திருக்கலாம். குழாயைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறேன். இடையில் ஈ.சி.ஜி. மாறினால் பேச்சே இல்லை, உடனே போட்டுவிடுவேன்,” என்றார்.

அந்த இரண்டு நாள் நான் சாப்பிட்டது உப்பில்லாச் சோறும், வேகவைத்து வடித்து மசித்த வெங்காயமும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை பொட்டாசியம் ஏறவில்லை. சனிக்கிழமை காலை ஆறுக்குக் கீழே வந்துவிட்டது. ஈ.சி.ஜி. கோபுரங்கள் மொட்டையாகிவிட்டன. வெங்காயம்தான் குணப்படுத்தியது என்று என் கணவர் ஊரெல்லாம் சொன்னார். அப்படி இல்லை. டாக்டர் திட்டவட்டமாகச் சொன்னார், கிட்னி தானாகத்தான் எழுந்தது, நாம் அதன் தலையில் தக்காளியைக் கொட்டாமல் இருந்தோம், அவ்வளவுதான் என்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கையெழுத்துப் போடாத படிவத்தை மடித்து, என் அம்மாவின் வளையல் இருக்கும் டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பௌதி ஆஸ்பத்திரிப் பக்கம் அதற்குப் பிறகு வரவேயில்லை. நான் வந்த சத்தம் கேட்டும் கதவு திறக்கவில்லை. தாதாவிடம் கேட்டால், “சாப்பிடமாட்டேங்கறா. எல்லா டின்னையும் கட்டிலுக்கடியிலேருந்து எடுத்துக் கீழ்வீட்டு ரிக்‌ஷாக்காரருக்குக் குடுத்துட்டா,” என்றார்.

அந்தக் கேரியர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டு ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. நான் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, என் கணவர் சாம்பார் வைத்தார். கால் கிலோ சின்ன வெங்காயம், முழுசு முழுசாக. புளி ஊற்றும்போது பழக்க தோஷத்தில் நானே, “இன்னும் கொஞ்சம்” என்றேன். அன்று முன்கதவை விரியத் திறந்து வைத்தோம். மாடிப்படி முழுக்க மணந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தாள். ஒரு வாரத்தில் இளைத்திருந்தாள். நான் கேரியரை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்து, “பெயாஜ்,” என்றாள். அவள் மாமியார் சொன்ன அதே வார்த்தை. எனக்கு ஒரு நொடி பக்கென்றது. அவள் விரலால் ஒரு வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள். இன்னொன்று.

“இதையா பதினோரு வருஷம் எனக்குத் தராம ஒளிச்சு வச்சிருந்த?” என்றாள். நிஜமான கோபம். அந்தக் கோபத்தைப் பார்த்துதான் எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் மத்தியானம் கேரியரைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கசகசா விழுதில் வதக்கிய வெங்காயம். அவள் வீட்டில் மாதம் நாலு தடவை செய்வதாம், நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. என் கணவர் டயட் தாளை எடுத்து மேலிருந்து கீழே ஓட்டினார்.

“தாள்ல கசகசா இல்ல,” என்றார். சொல்லிவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வள்ளி எழுந்து மிஸ் சென்னுக்குப் போன் செய்தாள். ஒரே ஒரு ஸ்பூன் என்று உத்தரவு வந்தது.

ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன். பௌதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எப்படி இருக்கு?”

ரொம்ப நல்லா இருக்கு, பௌதி. பதினோரு வருஷமாகச் சொன்ன அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் அதை விழுங்கினேன்.

“உப்பு பத்தல, பௌதி.”

என் கணவர் ஃபேனைப் பார்த்தார். பௌதி இடுப்பில் கை வைத்தாள்.

“உனக்கு உப்பு கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா. வேணும்னேதான் போடல,” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். “நேத்து சாம்பார்ல புளி ஜாஸ்தி. நேத்து மட்டும் இல்ல, காந்தி. பதினோரு வருஷமாவே ஜாஸ்தி.”